‘பேங்க்’ என்றால் எந்த பேங்க்?



நம் குழுக் கூட்டங்களில் அதிகமாகக் காதில் விழும் இங்கிலீஷ் வார்த்தை எதுவென்று யாராவது எண்ணிப் பார்த்தால், ‘பேங்க்’தான் முதலில் வரும். “பேங்குல பணம் போட்டாச்சா?”, “பேங்க் லிங்கேஜ் எப்ப வரும்?”, “பேங்க்ல இருந்து ஆள் வந்திருக்காவ” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து தடவையாவது சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்று இடத்தில் சொல்கிற ‘பேங்க்’ மூன்றும் ஒன்றுதானா? வாரா வாரம் வசூலுக்கு வருகிறவரும் பேங்க் ஆள்தானா? ஆஸ்பத்திரியில் ‘பிளட் பேங்க்’ என்கிறார்களே, அங்கே வட்டி உண்டா? கன்னியாகுமரிக்குத் தெற்கே ‘வாட்ஜ் பேங்க்’ என்று பேப்பரில் வருகிறதே, அது எந்த ஊர் பிராஞ்ச்?

சிரிப்புக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று தெரியாமல் கைநாட்டு வைத்தும், கையெழுத்துப் போட்டும் நஷ்டப்பட்டவர்கள் நம் பக்கத்து ஊர்களிலும் உண்டு. அதனால் இந்த இதழில் ‘பேங்க்’ என்ற ஒரே வார்த்தையை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

கடலுக்குள்ளே இருந்த பேங்க்

நம் தூத்துக்குடிக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்த பேங்க், பணம் போடுகிற பேங்க் இல்லை. அது கடலுக்கு அடியில் இருந்தது. முத்துச் சிப்பி வளருகிற பாறைத் தரையை நம் கடல்காரர்கள் ‘பார்’ என்பார்கள். தொள்ளாயிரம் பார் என்ற பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தப் பார்களைத்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் ‘பேர்ல் பேங்க்’ என்று எழுதி வைத்தார்கள்.

இங்கிலீஷில் மேடு, திட்டு, கரை எல்லாவற்றுக்கும் ‘பேங்க்’ என்றே சொல்வார்கள். தாமிரபரணிக் கரையும் ‘பேங்க்’தான். கடலுக்குள் தரை மேடாகி மீன் கூடுகிற இடமும் ‘பேங்க்’தான். வாட்ஜ் பேங்க் அப்படிப்பட்ட மீன்வளம் மிகுந்த கடல் மேடு. 1976-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது இந்தியாவின் கடல் எல்லைக்குள் வருகிறது. ஆக, பேப்பரில் ‘வாட்ஜ் பேங்க்’ என்று பார்த்தால் பாஸ்புக்கைத் தேட வேண்டாம், அது மீன் இருக்கிற இடம்.

முத்துப் பாரில் எப்படிக் குளித்தார்கள் என்பதை நாம் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நினைத்த நேரத்தில் யாரும் குதித்துச் சிப்பி அள்ள முடியாது. முதலில் பாரைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கி, கொஞ்சம் சிப்பியை மட்டும் மாதிரிக்கு எடுப்பார்கள். அதில் கிடைக்கிற முத்தை மதிப்புப் போடுவார்கள். சிப்பி குஞ்சாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். முற்றியிருந்தால்தான் ‘இந்த வருஷம் முத்துக்குளிப்பு’ என்று அறிவிப்பு வரும். எடுத்த சிப்பியில் ஆங்கிலேயர் காலத்தில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு.

இப்படிப் பொறுத்துப் பொறுத்து எடுத்தும், வருஷா வருஷம் முத்து கிடைத்ததில்லை. 1926 முதல் 1928 வரை குளித்தார்கள். அதற்குப் பிறகு 1955 வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. மணல் வந்து மூடுவது, திருக்கை மீன் தின்பது, வேறு மட்டிகள் அடர்ந்து வளர்ந்து சிப்பியை மூச்சு முட்ட வைப்பது என்று பாருக்கு எப்போதும் பல கண்டங்கள் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் நம் வேப்பலோடையில் சிப்பியை வளர்த்து அதிலிருந்து முத்து எடுத்துக் காட்டினார்கள். பிறகு குஞ்சுச் சிப்பிகளைக் கடல் பார்களில் விட்டும் பார்த்தார்கள். ஆனாலும் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை.

கடல் பேங்க் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளியே எடுக்கக் கூடாது, குஞ்சாக இருப்பதைத் தொடக் கூடாது, எடுப்பதற்கும் பங்கு பிரிப்பதற்கும் ஒரு முறை வேண்டும். நம் குழுச் சேமிப்புக்கும் இது மூன்றும் பொருந்தும்.

பெஞ்சில் பிறந்த பேங்க்

பணம் போடுகிற பேங்குக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? பல நூறு வருஷத்துக்கு முன்பு இத்தாலி நாட்டுச் சந்தைகளில் காசு மாற்றிக் கொடுக்கிறவர்கள் ஒரு நீளப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு அவர்கள் மொழியில் ‘பாங்கா’ என்று பேர். பலகையின் பேரே தொழிலுக்கும் பேராகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்காருகிற ‘பெஞ்ச்’சும் இதே குடும்பத்து வார்த்தைதான். மேடு என்ற அர்த்தமும், பலகை என்ற அர்த்தமும் பழைய காலத்தில் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று சொல்கிறார்கள்.

அந்தப் பலகை முறிந்தால் என்ன ஆகும்? ‘உடைந்த பலகை’ என்று இத்தாலி மொழியில் சொன்னதுதான் இங்கிலீஷில் ‘பேங்க்ரப்ட்’ ஆனது. நாம் திவால், மஞ்சக் கடுதாசி என்று சொல்வது அதைத்தான்.

நம் தமிழ் மட்டும் என்ன, சளைத்ததா? ‘வங்கி’ என்றால் பணம் போடுகிற இடம். மேல் கையில் போடுகிற நகைக்கும் வங்கி என்றுதான் பேர். அவசரத்துக்கு அந்த வங்கியைக் கழற்றி இந்த வங்கியில் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ‘பார்’ என்றாலும் அப்படித்தான். கண்ணால் பார், உலகம் என்ற பார், கடலடிப் பார். எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் அர்த்தம்.

நம் ஊரில் பிறந்த பேங்க்

பணம் போடுகிற பேங்கிலும் நம் தூத்துக்குடிக்கு ஒரு பெருமை உண்டு. 1921-ல் இந்த ஊரில் ‘நாடார் பேங்க்’ ஆரம்பித்தார்கள். 1962-ல் அது ‘தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்’ என்று பேர் மாறியது. இன்றும் அதன் தலைமை அலுவலகம் தூத்துக்குடியில்தான் இருக்கிறது. பஞ்சு, உப்பு, கருப்பட்டி, கப்பல் என்று வியாபாரம் நடந்த ஊரில், வியாபாரிகள் தங்களுக்குள் சேர்ந்து ஒரு பேங்கைத் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுச் சேர்ந்தால் ஒரு நிறுவனமே எழும் என்பதற்கு இது நம் கண் முன்னால் இருக்கிற உதாரணம்.

பேர் மாறுவதைப் பற்றி இன்னொரு விஷயம். நம் பகுதியில் பல குழுக்களுக்குக் கணக்கு இருந்தது ‘பாண்டியன் கிராம பேங்க்’கில். 2019-ல் அது பல்லவன் கிராம பேங்க்கோடு சேர்ந்து ‘தமிழ்நாடு கிராம வங்கி’ ஆகிவிட்டது. பழைய பேர் போட்ட பாஸ்புக்கைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்கள் யாராவது இருந்தால், கிளைக்குப் போய்ப் புது பாஸ்புக் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்கு நின்றுபோயிருந்தாலும் பணம் எங்கேயும் போகாது, கேட்டு வாங்கலாம்.

பணம் இல்லாத பேங்குகள்

சேர்த்து வைத்து, தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கிற எந்த இடத்துக்கும் ‘பேங்க்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பிளட் பேங்க்: இரத்தம் சேமிக்கிற இடம். இப்போது அரசு விதிகளில் ‘இரத்த மையம்’ என்று எழுதுகிறார்கள். இங்கே போட்டவருக்கு வட்டி இல்லை, வாங்குகிறவர் யாரென்றும் தெரியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட ஒரு பெண்ணுக்கு அது உயிராகப் போய்ச் சேரலாம். 45 கிலோவுக்குக் குறையாத எடையும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமலும் உள்ள ஆரோக்கியமான பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம். நம்மில் பலருக்கு அந்த அளவு ரத்தம் இல்லை என்பதும் உண்மை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நமக்கு முதல், தானம் பிறகு.

தாய்ப்பால் பேங்க்: குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பாலைச் சேமித்து வைக்கிற இடம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 2014 முதல் இருக்கிறது.

கண் பேங்க்: இறந்தவரின் கண்களைத் தானமாகப் பெறும் இடம். விதை பேங்க்: நாட்டு விதைகளைச் சேர்த்து வைத்து விவசாயிகளுக்குள் மாற்றிக்கொள்ளும் இடம். பவர் பேங்க்: அது செல்போனுக்கு, உங்களுக்கே தெரியும்.

ஓட்டு பேங்க்: இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. எம்.என். சீனிவாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1955-ல் மைசூர் பக்கத்துக் கிராமத்தைப் பற்றி எழுதியபோது இந்த வார்த்தையைப் பயன்படுத்தினார். ஊர்ப் பெரியவர் சொன்னால் மொத்தமாக விழும் ஓட்டு என்று அர்த்தம். மகளிர் குழுக்களையும் சில பேர் ‘ஓட்டு பேங்க்’ என்று கணக்குப் போடுகிறார்கள். மற்ற பேங்கில் நாம் பணம் போடுகிறவர்கள். இந்த பேங்கில் நாமே பணம்! சாவி இன்னொருத்தர் கையில் இருக்கும். அதனால் குழுவைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற இடமாக ஆக்க விடக்கூடாது.

பேச்சு வழக்கில் பேங்க்

உங்கள் பிள்ளைகள் இங்கிலீஷ் பாடத்தில் இவற்றைப் பார்க்கலாம், டி.வி.யிலும் கேட்கலாம்.

‘பேங்க் ஆன்’ என்றால் ஒருவரை முழுசாக நம்பி இருப்பது. ‘ஐ பேங்க் ஆன் யூ’ என்றால் ‘உன்னை நம்பித்தான் இருக்கேன்’ என்று அர்த்தம், ‘உன் மேல் பேங்க் கட்டுவேன்’ என்று இல்லை.

‘பிரேக் தி பேங்க்’ என்றால் கையில் இருப்பதையெல்லாம் தீர்த்துவிடுகிற செலவு. நம் வீட்டுச் சடங்கு, கல்யாணச் செலவு மாதிரி. பூட்டை உடைக்கிற கதை இல்லை.

‘சிரிச்சுக்கிட்டே பேங்குக்குப் போனான்’ என்று இங்கிலீஷில் சொன்னால், சுலபமாகப் பெரிய லாபம் பார்த்தான் என்று பொருள்.

‘பிக்கி பேங்க்’ என்றால் பன்றி உருவத்தில் இருக்கிற உண்டியல். திருவிழாக் கடையில் நாம் வாங்குகிற மண் உண்டியலுக்கு அக்காள் தங்கச்சி.

வாகைக்குளத்தில் இறங்குகிற விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறதே, அதையும் ‘பேங்க்’ என்றுதான் சொல்கிறார்கள்!

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கடலில், ஆஸ்பத்திரியில், பேச்சில் யார் வேண்டுமானாலும் ‘பேங்க்’ என்று சொல்லலாம். ஆனால் பணத் தொழில் செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு அந்தப் பேரை வைத்துக்கொள்ள முடியாது. 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 7-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தப் பேரில் பணத் தொழில் செய்ய ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். ஆகவே போர்டில் ‘ஃபைனான்ஸ்’, ‘நிதி’, ‘சிட்ஸ்’, ‘சொசைட்டி’ என்று இருந்தால், அது வேறு நிறுவனம். நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் பேங்க் இல்லை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? நான்கு காரணம்.

1. போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு: பேங்க் மூழ்கினாலும், ஒருவருக்கு ஒரு பேங்கில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி முதல் இந்த அளவு. அதற்கு முன் 1 லட்சம்தான். அரசு வங்கி, தனியார் வங்கி, கிராம வங்கி, சிறு நிதி வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாம் ‘சொசைட்டி பேங்க்’ என்று பழக்கத்தில் சொல்கிற தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. தபால் ஆபீஸ் சேமிப்புத் திட்டங்களுக்கு மத்திய அரசே பொறுப்பு.

2. வாரா வாரம் வருகிறவர் யார்: மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் கடன் கொடுக்கும், நம்மிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. சில கம்பெனிகள் உரிமம் வாங்கி பேங்காகவே மாறிவிட்டன. 2016-ல் ஈக்விடாஸ் அப்படி மாறியது. அதனால் “பேங்க்ல இருந்து வாரோம்” என்று வாயால் சொன்னால் போதாது. அடையாள அட்டையும், நிறுவனத்தின் முழுப் பேர் போட்ட ரசீதும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கு?

3. கடன் விதிகள்: மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பேங்க் கொடுத்தாலும் கம்பெனி கொடுத்தாலும் ஒரே விதிதான். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் மாதம் கட்டுகிற தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வட்டியும் மற்றக் கட்டணமும் நமக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும், மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் தவணை எப்படிக் கட்டுவோம் என்று கடன் வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

4. முன்பணம் கொடுக்கிறவர் பேங்க் இல்லை: வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வள்ளத்துக்காரர், பிடித்த மீனை அவரிடமே போட வேண்டியிருக்கிறது. வட்டி என்று தனியாகக் கேட்க மாட்டார்கள். விலையிலும் கமிஷனிலும் அது போய்விடும். “வட்டியில்லாக் கடன்” என்று சந்தோஷப்படும் முன், நூறு ரூபாய் மீனுக்குக் கைக்கு எவ்வளவு வந்தது என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் “பேங்க் மேனேஜர் பேசுறேன், ஓ.டி.பி. சொல்லுங்க” என்று கேட்கிறவர் பேங்க் ஆளே இல்லை. எந்த பேங்கும் ஓ.டி.பி. கேட்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் போட வேண்டும். ஊருக்குள் கைரேகை மெஷின் வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கிற இடத்தில், ரசீது கைக்கு வந்த பிறகுதான் இடத்தை விட்டு நகர வேண்டும். “மெஷின் எடுக்கல, இன்னொரு தடவை விரல் வைங்க” என்றால், முதல் தடவை என்ன ஆனது என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

குழுவும் பேங்கும்

1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்துச் சோதனையாக ஆரம்பித்ததுதான் ‘பேங்க் லிங்கேஜ்’. அதற்கு முன்பு, சொத்துப் பத்திரம் இல்லாத பெண்ணுக்கு பேங்க் படியே உயரம். லிங்கேஜில் பேங்க் எதைப் பார்க்கிறது? ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தையும்தான். பாரில் மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்தார்களே, அதேபோல நம் தீர்மான நோட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். நோட்டு நன்றாக இருந்தால் கடன் முற்றும்.

நம் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, மார்ஜின் பணம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை எடுக்க முடியாதபடி பிடித்து வைக்கக் கூடாது. “இவ்வளவு டெபாசிட் போட்டால்தான் கடன்” என்றும் சொல்லக் கூடாது. இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். கிளையில் வேறு மாதிரி சொன்னால் சண்டை போட வேண்டாம். எழுத்தில் கொடுங்கள், கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

நாம் அடிக்கடி பெருமையாகச் சொல்வோம், “எங்க குழுதான் எங்களுக்கு பேங்க்” என்று. மனசளவில் அது சரி. ஆனால் போர்டில் பேங்க் என்று எழுதக் கூடாது, உறுப்பினர் அல்லாதவரிடம் டெபாசிட் வாங்கவும் கூடாது. நம் குழு, உறுப்பினர்கள் போட்டு உறுப்பினர்கள் எடுக்கிற இடம். ‘பேங்க் ஆன்’ என்று இங்கிலீஷில் சொல்கிற அந்த நம்பிக்கைதான் நம் முதலீடு. அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஒழுங்கான கணக்குதான் அதற்குக் காவல்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

• நம் உறுப்பினர்கள் பணம் போட்டிருக்கும் இடங்கள் எவை? அவற்றில் உண்மையான பேங்க் எத்தனை?

• ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கடன் இருக்கிறது? எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிறதா?

• தடைக்காலம், மழைக்காலம் என்று வருமானம் இல்லாத மாதங்களுக்குக் குழுவில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

• பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கேட்கும்படி ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.